மஞ்சள் பத்தும் மார்புப் படமும்

என் ஓரகத்தியின் மகள் மேல்படிப்புக்கு அமெரிக்கா போவது என்று முடிவானதும், பெட்டி வாங்குவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி அலைச்சல் தொடங்கிவிட்டது. அங்கே சேரப்போகிற காலேஜில் கேட்டிருந்தார்களாம். இன்னின்ன தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், காசநோய் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அது இல்லாமல் வகுப்பில் உட்கார விடமாட்டார்கள் என்று ஓரகத்தி படித்துச் சொன்னாள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

நாங்கள் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருக்கிறோம். நான் மூத்த மருமகள். எனக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் போனபிறகும் கொழுந்தன் குடும்பத்தோடேயே இருந்துவிட்டேன். ஓரகத்தி வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனவள். இப்போது லைனில் பத்துப் பதினைந்து பேரை மேய்க்கிற பதவிக்கு வந்துவிட்டாள். அவள் ஷிப்டுக்குப் போனபோதெல்லாம் அந்தப் பெண் என் இடுப்பில்தான் இருந்தாள். பெரியம்மா, பெரியம்மா என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், நடந்ததைச் சொல்லும்போது நான் பொறாமைக்காரி என்று தோன்றும். தோன்றினால் அது சரிதான். ஆனால் எதனால் என்று தெரிய வேண்டும் அல்லவா?

முதலில் பல்லில் ஆரம்பித்தார்கள்.

"கடவாய்ப் பல்லு ரெண்டு கோணலா மொளைக்குதாம்க்கா. அங்க போயி வலி வந்தா பல்லு டாக்டரைப் பாக்கறதே பெரும்பாடாம். இங்கயே புடுங்கிடச் சொல்லிட்டாங்க" என்றாள் ஓரகத்தி.

"வலிக்காத பல்லையா புடுங்குவாங்க?"

"வலிக்கப் போற பல்லுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபிறகு வயிறு எரிந்தது. வலிக்கப் போகிற பல்லுக்கு வைத்தியம்! எனக்கு வலித்த பல் ஒவ்வொன்றும் வலித்து, ஆடி, தானாக விழுந்த பல். ஒருமுறை தாடை வீங்கி வாயைத் திறக்க முடியாமல் துணியைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளுக்குக் களி கிண்டிப் போட்டேன். அன்று எல்லாரும் களி பதமாக இருக்கிறது என்றார்கள். என் வாயை யாரும் பார்க்கவில்லை.

பல் எடுத்துவிட்டு வந்த பெண், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாள். ஓரகத்தி லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீமைக் கரண்டியால் ஊட்டினாள். நான் ரவைக் கஞ்சி ஆற்றிக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வேண்டாம் என்று கையை ஆட்டி, ஐஸ்கிரீமைக் காட்டினாள். குற்றம் ஒன்றும் இல்லை. வலியில் இருக்கிற பிள்ளை. ஆனாலும் அந்தக் கஞ்சியை நான் சமையலறையில் நின்றுகொண்டே குடித்து முடித்தேன்.

அடுத்தது கண். ஒரு கண்ணாடி உடைந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று இரண்டு ஜோடி செய்தார்கள். நான் என் வீட்டுக்காரரின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குகிறேன். பிறகு தடுப்பூசி, ஒன்றன்பின் ஒன்றாக. ஊசி போட்ட நாளெல்லாம் தாயும் மகளும் வரும் வழியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற மாதிரியே இருக்காது, தேர்த் திருவிழாவுக்குப் போய்வருகிற மாதிரி இருக்கும். ஓரகத்தி தன் பிள்ளையைச் சிறுவயதில் இப்படி ஒரு நாள்கூடக் கையைப் பிடித்து எங்கும் கூட்டிப்போனதில்லை. அவளுக்கு நேரம் இல்லை, பாவம். அப்போதெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்துக்கு வரிசையில் நின்றது நான். இப்போது ஊசி போட்டுக்கொள்ள வளர்ந்த பெண்ணுக்கு அம்மா கை வேண்டியிருக்கிறது. நான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக அந்தக் காசநோய்ச் சோதனை. முழங்கைக்குக் கீழே தோலில் மெல்லிசாக ஒரு ஊசி போடுவார்களாம். இரண்டு நாள் கழித்துப் போய்க் காட்ட வேண்டுமாம். அந்த இடம் தடிக்காமல் இருந்தால் ஒன்றுமில்லை. தடித்துவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது, எதுவும் பூசக் கூடாது என்று நர்சு சொல்லி அனுப்பியதை ஓரகத்தி அன்று மாலை வீட்டிலிருந்த எல்லாரிடமும் சொன்னாள். என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். நான்தான் எதையாவது பூசிவிடுவேன் என்பதுபோல.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அந்த இடம் சிவந்து மேலே எழும்பிவிட்டது. முதலில் கொசு கடித்த மாதிரி இருந்தது, பிறகு சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. ஓரகத்தி முகத்தில் ரத்தம் இல்லை. போனில் எதையோ தேடிப் படித்தாள், மூடினாள், மறுபடி படித்தாள். "இது ஏறினா அந்தக் கையெழுத்துப் போடமாட்டாங்க. கையெழுத்து இல்லேன்னா போவ முடியாது. இத்தனை வருசம் படிச்சதெல்லாம் போச்சி" என்று தானாகவே பேசிக்கொண்டாள்.

விடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, சுண்ணாம்பு வச்சிருக்கீங்களா?"

நான் வெற்றிலை போடுகிறவள். என்னிடம் எப்போதும் இருக்கும். எதற்கு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் வீக்கம் என்றால் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பத்துப் போடுவோம். சுளுக்குக்கும் அதுதான், தேள் கடிக்கும் அதுதான், மாட்டுக் கால் வீங்கினாலும் அதுதான். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்து வேலை வாங்குகிறவளும் வீக்கத்தைக் கண்டால் எங்கள் வீட்டு மருமகள்தான். எனக்கும் அப்போது அது தப்பாகத் தோன்றவில்லை. எதுவும் பூசக் கூடாது என்றால் கண்ட களிம்பையும் பூசக் கூடாது என்றுதான் அர்த்தம், பத்துப் போடுவதைச் சொல்லமாட்டார்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே எடுத்துக்கொண்டோம்.

கரண்டியில் குழைத்து, அடுப்பில் காட்டி, இளஞ்சூட்டில் எடுத்தேன். குங்குமம்போலச் சிவந்து வந்தது. "நான் போட்டுவிடறேன்" என்றேன்.

"வேணாங்க்கா, குடுங்க. நானே போட்டுக்கறேன்."

கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். இத்தனை வருஷமும் அந்தப் பெண்ணுக்கு விழுந்த அடிக்கெல்லாம் பத்துப் போட்ட கை இது. அறை வாசலில் நின்று பார்த்தேன். சரியாகப் போடத் தெரியவில்லை அவளுக்கு. தடிமனாக, கண்ட இடத்திலும் அப்பினாள். ஓரம் மெல்லிசாக வர வேண்டும், சூடு தோலைச் சுடக் கூடாது. சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நீயே போட்டுக்கொள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்தப் பெண், "பெரியம்மா, வீட்ல சும்மாதான இருக்கீங்க, நீங்களும் வாங்களேன்" என்றாள். சும்மா என்ற சொல் குத்தியது. ஆனாலும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஓசூரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி அது. பத்தைக் கழுவிவிட்டுத்தான் போயிருந்தோம். ஆனால் சுண்ணாம்பு பட்ட இடம் வெந்து, கொப்புளம் கிளம்பி, கை முழங்கை வரைக்கும் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. நர்சு கன்னடக்காரி. அந்தக் கையைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அய்யோ, ஏனிது! அரிசின ஹச்சித்தீரா?" மஞ்சள் பூசினீர்களா என்று கேட்டவள், உடனே தமிழுக்கு மாறினாள். "நான் அவ்வளவு சொல்லி அனுப்பினேனே? யாரு போட்டது?"

"நான்தாங்க. வீக்கம் வத்தட்டும்னு…" என்று இழுத்தாள் ஓரகத்தி.

"வீக்கம் எவ்வளவுன்னு அளக்கத்தாம்மா வரச் சொன்னதே! அத வத்த வெச்சிட்டு வந்தா நான் என்னத்த அளக்கறது? நீங்க அடுப்படி வைத்தியம் பண்ணதையா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண், "அம்மா, போதும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். லைனில் பத்துப் பேரை மேய்க்கிற ஓரகத்தி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். குளுகுளு என்று இருந்தது. நல்லவேளை அந்தக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கினாயே தாயே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்ச்சி டாக்டர் அறை வரைக்கும்தான் இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, கோபப்படவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பொறந்தப்போ போட்ட ஊசியாலயும் சில பேருக்கு இப்படித் தடிக்கும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுத்துடலாம்" என்றவர், எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல யாருக்காவது டி.பி. இருந்திருக்கா?"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"எங்க மூத்தாருக்கு இருந்திச்சிங்க டாக்டர். இவங்க வீட்டுக்காரரு. பாப்பா கைக்கொழந்தையா இருந்தப்போ. கல்லு பாலிஷ் போடற எடத்துல வேலை. மாத்திரை முழுசும் சாப்ட்டு நல்லாயிட்டாரு. செத்தது மாரடைப்புல."

சொன்னது எல்லாம் நிஜம். ஆனால் அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் அவளுக்கு அவர் 'நம்ம மாமா'தான். அந்த அறையில்தான் அவர் என்னுடைய வீட்டுக்காரர் மட்டும் ஆனார்.

"இப்ப வீட்ல யாராவது ரொம்ப நாளா இருமறாங்களா?"

அப்போது அந்தப் பெண், நான் வளர்த்த பெண், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்: "பெரியம்மா இருமுவாங்க டாக்டர். காலைல, பனிக்கு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. யாராவது என்னை நேராகப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிற சுபாவம் எனக்கு. "அது குளிருக்குங்க. நம்மூரு பனி அப்படி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பாழாய்ப்போன இருமல் வந்துவிட்டது.

"அவங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே. சளியும் குடுத்துட்டுப் போகட்டும்" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே அறைக்குள் முதலில் அந்தப் பெண் போனாள். ஓரகத்தி கதவுவரை கூடவே போனாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் தனியாகத்தான் போனேன். இடுப்புக்கு மேலே இருந்ததை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள் அங்கிருந்த பெண். வெட்கத்தில் ஊக்கு கழலவில்லை. அவளே வந்து கழற்றினாள். தாலியில்லாத கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றையும் எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். என் தோளைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து நிறுத்தி, தாடையைத் தூக்கி, "அம்மா பயப்படாதீங்க, போட்டோ மாதிரிதான்" என்றாள். யாரோ பெற்ற பெண். என் தாடையை அவ்வளவு மெதுவாக யாரும் தொட்டதில்லை. என்னால் ஒரு பிள்ளைக்கு நோய் வந்திருக்குமோ என்று பார்க்கத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அது தெரிந்தும், என்னையும் ஒருத்தி உள்ளே பார்க்கிறாளே என்று ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே அருவருப்பாகவும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ஓரகத்தி நடுவில் உட்கார்ந்தாள். எப்போதும் நடுவில் அந்தப் பெண்தான் உட்காருவாள்.

ரத்தச் சோதனை முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் என் தட்டும் தம்ளரும் அலமாரியின் ஓரத்துக்குப் போயின. "தப்பா நெனைக்காதீங்க்கா. ரிசல்ட்டு வர்ற வரைக்கும்தான்" என்றாள். நினைக்கவில்லை என்றேன். அந்தப் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தாள். அவள் போவாளா மாட்டாளா என்பது ஒரு ரத்தக் குப்பியிலும் ஒரு படத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம், மாவு சலித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அவளுக்கு இருக்கிறது என்று வந்துவிட்டால்? போக முடியாது. மாத்திரை சாப்பிட வேண்டும். மாதக்கணக்கில் வீட்டில் இருப்பாள். ஓரகத்திக்கு லீவு கிடைக்காது. கஞ்சி வைத்துக் கொடுக்க, மாத்திரையை எடுத்துக் கொடுக்க, நெற்றியைத் தொட்டுப் பார்க்க நான்தான் இருப்பேன். அந்த எண்ணம் எவ்வளவு இனிப்பாக வந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உடனேயே, இருந்தால் அது எங்கள் வீட்டுக்காரர் கொடுத்தது, அல்லது நான் கொடுத்தது என்று இன்னொரு எண்ணம் வந்தது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டேன்.

முடிவு வந்த அன்று எல்லாரும் போனோம். கொழுந்தனும் வந்தார். டாக்டரம்மா அந்தப் பெண்ணின் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கறுப்பாக, சுத்தமாக, விலா எலும்பு வரிவரியாக இருந்தது. "அழகான நெஞ்சு. ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல. ஊசிக்குத் தடிச்சது அந்தப் பழைய தடுப்பூசியாலதான் இருக்கும்" என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஓரகத்தி அழுதுவிட்டாள். கொழுந்தன், "அந்தப் பத்துதான் காப்பாத்திச்சி" என்று கிண்டல் செய்ததற்கு, அழுதுகொண்டே அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அந்தப் பெண் சிரித்தாள். எனக்கும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. அது பொய்யில்லை.

பிறகு என் படத்தை மாட்டினார். மேலே வலது பக்கம், தோளுக்குக் கீழே, வெள்ளையாகச் சுண்ணாம்பு தெறித்த மாதிரி சில புள்ளிகள். கோடு கோடாக ஏதோ இழுத்துக்கொண்டு இருந்தது.

"இது பழைய தழும்பு. எப்பவோ உங்களுக்கும் வந்திருக்கு. தானாவே ஆறியிருக்கு. சளியில கிருமி இல்ல, அதனால யாருக்கும் பயமில்ல. ஆனா கொஞ்ச நாள் கழிச்சி இன்னொரு படம் எடுத்துப் பாத்துடணும். எப்பம்மா வந்துச்சி? ஞாபகம் இருக்கா?"

"தெரியலீங்க."

"ஏங்க்கா, சொல்லவே இல்லையே நீங்க?" என்றாள் ஓரகத்தி. கோபமாகக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

"எனக்கே தெரியாது. நான் இன்னாத்த சொல்றது?"

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்கிற சுகாதாரக்காரம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கும் புடவை இடுப்பில் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணக்கும். வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று அந்த அம்மா கேட்டபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமியார்தான் பதில் சொன்னார், யாருக்கும் இல்லை என்று. அவர் பொய் சொல்லவில்லை. கவனித்திருக்கமாட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு முட்டை வேகவைத்துக்கொண்டு, நானும் கவனிக்கவில்லை. அந்த நோய் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் எனக்குள்ளேயே குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வராத நோய்க்கு ஒரு குடும்பமே அத்தனை நாளும் சோறு இறங்காமல் கிடந்தது. எனக்கு வந்த நோயை நான்கூட விசாரிக்கவில்லை. அன்று நான் பொறாமைப்பட்டது அந்தப் பெண்ணின் பல்லையோ கண்ணாடியையோ பார்த்து இல்லை. வெளிச்சத்தில் மாட்டியிருந்த அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்துத்தான். அதற்குள் ஒன்றுமே இல்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்ட நெஞ்சு.

தட்டும் தம்ளரும் அன்று மாலையே பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நான் எடுத்து வைக்கவில்லை, ஓரகத்திதான் வைத்தாள்.

ஆடி கழிந்து அந்தப் பெண் கிளம்பினாள். பெங்களூரு விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்னையும் கட்டிக்கொண்டாள். முதலில் யார், எவ்வளவு நேரம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

பனிக்காலம் வந்ததும், ஒரு நாள் காலை ஓரகத்தி, "கெளம்புங்க்கா. ஒங்க ரெண்டாவது படம் எடுக்கற நாளு" என்றாள். நான் மறந்ததுபோல இருந்தேன். மறக்கவில்லை. அவளாக ஞாபகம் வைத்துச் சொல்கிறாளா பார்ப்போம் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"ஒனக்கு வேலை இல்லையா?"

"லீவு போட்டுட்டேன்."

"எனக்காவா?"

"பின்ன, எதிர்வீட்டுக்காரிக்காவா? கெளம்புங்க்கா, டோக்கன் போட்டுருவாங்க."

எனக்காக ஒருத்தி லீவு போடுவது இதுதான் முதல் தடவை. அதே ஆட்டோ வழி, அதே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. அந்தப் பெண்தான். அங்கே அவளுக்குச் சளி பிடித்திருக்கிறதாம், தொண்டை கரகரக்கிறதாம். "பெரியம்மா இங்கதான் இருக்காங்க, எக்ஸ்ரேக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள், "வெந்நியில உப்பு போட்டுக் கொப்புளிச்சியா? அந்த நீலப் பையில மாத்திரை இருக்கு பாரு, நீலப் பை" என்று பேசியபடி வராந்தாவின் கடைசிக்கு நடந்துவிட்டாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சளிக்கு இவ்வளவா?

கதவு திறந்தது. இந்தமுறை வேறு ஒரு பெண். என் பெயரைக் கூப்பிட்டு, "வாங்கம்மா உள்ள" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

"ஒங்களதான் பாட்டிம்மா. வாங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். இருந்தாலும் சொன்னேன். "எங்கூட வந்தவங்க போன் பேசிகினு இருக்காங்க. அவங்க வரட்டும்."

"நீங்க மட்டும் வந்தா போதும்மா. அவங்க எதுக்கு?"

"கதவு வரைக்கும் வருவாங்க" என்றேன். "வர்ற வரைக்கும் இருக்கறேன். அடுத்த ஆளக் கூப்டுங்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, வராந்தாவின் கடைசியில் நின்ற ஓரகத்தி போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.